கிராமப்புற போலீஸ் வயர்லெஸ்: டிஜிட்டல் வேறு, பூட்டு வேறு

அமெரிக்கக் கிராமப்புறங்களில் போலீஸ் ஸ்கேனர் (வயர்லெஸ் பேச்சைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ) வைத்துக் கேட்கிறவர்கள் மத்தியில் இப்போது அடிக்கடி வரும் புலம்பல் இதுதான்: நேற்று ராத்திரி வரைக்கும் ஷெரிப் அலுவலகம், அதாவது கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் போலீஸ், தெளிவாகக் கேட்டது, இன்று காலையிலிருந்து சத்தமே இல்லை. உடனே யாராவது ஒருவர் "டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள், இனிமேல் கேட்க முடியாது" என்று சொல்லிவிடுவார். கேட்டவரும் ஸ்கேனரைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார். அந்தப் பதில் பல சமயம் தப்பு. டிஜிட்டலுக்கு மாறுவது ஒரு விஷயம், சாவி இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி குறியாக்கம் செய்து பூட்டுவது வேறு விஷயம். டிஜிட்டலாக மட்டும் மாறியிருந்தால் கொஞ்சம் செலவழித்துப் புதுக் கருவி வாங்கித் தொடர்ந்து கேட்கலாம். பூட்டு என்பது யாரோ சிலர் கூட்டம் போட்டு எடுத்த முடிவு, அதற்கு எந்தக் கருவியும் உதவாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மக்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

போலீஸ் வயர்லெஸ் பிறந்ததே எல்லோருக்கும் கேட்கும்படிதான். 1928இல் டெட்ராய்ட் போலீஸ் ரோந்து கார்களுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியபோது அது ஒருவழி ஒலிபரப்பு, காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933இல் நியூஜெர்சியின் பயோன் நகரத்தில் காரிலிருந்தும் பேசும் வசதி வந்தது. 1940இல் கனெடிகட் மாநில போலீஸ் எஃப்எம் முறையில் இருவழி வயர்லெஸைக் கொண்டுவந்தது, அதை வடிவமைத்த டேனியல் நோபல் பிறகு மோட்டோரோலாவுக்குப் போனார். ஆரம்பத்தில் போலீஸ் அலைவரிசை சாதாரண ஏஎம் ஒலிபரப்பு முடிகிற இடத்துக்குச் சற்று மேலேயே இருந்ததால் வீட்டு ரேடியோவின் முள்ளைக் கொஞ்சம் தள்ளினாலே கேட்டது. அப்புறம் அலைவரிசைகள் மேலே மேலே போயின, மக்களும் பின்னாலேயே போனார்கள், அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலை ஒரு சேனலுக்கு ஒன்று என்று வாங்கிச் செருகிய ஸ்கேனர்கள் வந்தன, 1970களின் நடுவில் எண்ணைத் தட்டினாலே போதும் என்கிற ஸ்கேனர்கள் வந்தன.

ஒரு கிராமப்புறக் கவுண்டியின் பழைய அமைப்பு எப்படி இருக்கும் என்றால், ஏதாவது ஒரு மேட்டில் ஒரு ரிப்பீட்டர் (வருகிற சிக்னலை வாங்கி வலுவாகத் திரும்ப அனுப்பும் கருவி), 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே விஎச்எஃப் என்கிற பட்டையில் ஓர் அலைவரிசை, அவ்வளவுதான். இரவில் மொத்தக் கவுண்டிக்கும் இரண்டு மூன்று டெபுடிகள் (ஷெரிப்பின் போலீஸ்காரர்கள்), அழைப்பை வாங்கி ஆள் அனுப்பும் ஒரே ஒரு டிஸ்பாட்சர், அந்த ஒருவரே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றையும் பார்க்கிறார். தீ என்றால் முதலில் இரண்டு நீளமான தொனிகள் அடுத்தடுத்து வரும். அந்தக் குறிப்பிட்ட ஜோடித் தொனிக்கு மட்டும் திறந்துகொள்ளும் பேஜர் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் கட்டிலருகில் கிடந்து அலறும். பிறகு டிஸ்பாட்சர் குரல்: எந்தச் சாலை, எந்தக் குறுக்குச் சாலை, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலானோர் தன்னார்வலர்கள்தான், கிராமப்புறத்தில் கிட்டத்தட்ட முழுக்கவே அவர்கள்தான். அவர்கள் வீட்டில் ஸ்கேனரும் ஓடிக்கொண்டிருக்கும், ஏனென்றால் சாலை விபத்தாக இருந்தாலும் வீட்டுச் சண்டையாக இருந்தாலும் டெபுடி முதலில் போய் "இடம் பாதுகாப்பாக இருக்கிறது" என்று சொல்வதை அவர்கள் நேராகக் கேட்டால்தான் வண்டியை எங்கே நிறுத்துவது, எப்போது உள்ளே போவது என்று தெரியும். பொழுதுபோக்குக்காகக் கேட்கிறவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஆட்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்த எளிய அமைப்பு ஏன் மாறியது? ஒரே காரணம் கிடையாது. 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையும் அதற்கு மேலே யுஎச்எஃப்பிலும் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் 2013 ஜனவரி 1க்குள் 12.5 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருங்க வேண்டும் என்று அலைவரிசைகளைக் கட்டுப்படுத்தும் மத்திய ஆணையமான எஃப்சிசி உத்தரவு போட்டது. பழைய வயர்லெஸ் பெட்டிகளை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், மாற்றுவதுதான் மாற்றுகிறோம் டிஜிட்டலாகவே வாங்கிவிடலாமே என்று பலர் யோசித்தார்கள். இன்னொரு பக்கம் 2001 செப்டம்பர் 11, 2005 கத்ரினா புயல் இரண்டிலும் ஒரு துறையின் வயர்லெஸ் இன்னொரு துறைக்குக் கேட்காமல் போனது பெரிய பாடமானது. அதன் பிறகு மத்திய அரசின் மானியப் பணம் பி25 என்கிற பொது டிஜிட்டல் வயர்லெஸ் தரத்துக்கு ஏற்ற கருவிகளின் பக்கம் சாய்ந்தது. மிஷிகன், மினசோட்டா, ஒஹாயோ, வயோமிங் என்று மாநிலம் தழுவிய வலைப்பின்னல்கள் எழுந்தன. சொந்தமாகக் கோபுரம் கட்டப் பணமில்லாத சின்னக் கவுண்டிக்கு மாநில வலைப்பின்னலில் சேர்ந்துகொள்வது உண்மையிலேயே நல்ல பேரம். இதில் வயோமிங் செய்ததை நான் மெச்சுவேன். மேடு பள்ளமும் வெகுதூரமும் இருக்கிற மாநிலத்தில் 800 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவினால் ஏகப்பட்ட கோபுரங்கள் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு, பெரும்பாலும் விஎச்எஃப்பிலேயே டிஜிட்டல் ட்ரங்கிங்கை அமைத்தார்கள்.

ட்ரங்கிங் என்ற சொல் வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய முறையில் ஒரு துறைக்கு ஓர் அலைவரிசை. ட்ரங்கிங்கில் பல துறைகள் சில அலைவரிசைகளைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. வங்கியில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று எந்தக் கவுண்டர் காலியாகிறதோ அங்கே போவது மாதிரி. யார் எந்த அலைவரிசைக்குப் போக வேண்டும் என்பதைக் கண்ட்ரோல் சேனல் ஒன்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு துறையின் பேச்சு இனி ஓர் அலைவரிசையில் இருக்காது, டாக்குரூப் என்ற எண்ணில் இருக்கும், அலைவரிசை நொடிக்கு நொடி மாறும். பழைய ஸ்கேனரில் 155 மெகாஹெர்ட்ஸை மட்டும் போட்டு வைத்திருந்தவருக்கு அங்கே காற்றுதான் மிஞ்சும்.

பி25 டிஜிட்டலில் குரல் நொடிக்கு 4400 பிட்டுகளாகச் சுருக்கப்பட்டு, பிழை திருத்தத்துக்கான பிட்டுகளும் சேர்ந்து, மொத்தம் 9600 பிட் வேகத்தில் போகும். இரண்டாம் கட்ட பி25 அதே 12.5 கிலோஹெர்ட்ஸில் இரண்டு பேச்சுகளை மாற்றி மாற்றி அடைக்கிறது. பழைய அனலாக் முறையில் சிக்னல் பலவீனமானால் இரைச்சல் ஏறும், ஆனாலும் காது பழகினவர் பாதி வார்த்தையை வைத்து மீதியை ஊகித்துவிடுவார். டிஜிட்டலில் அது கிடையாது, ஓர் எல்லை வரை சுத்தமாகக் கேட்கும், தாண்டினால் குரல் உடைந்து, உடனே ஒன்றுமில்லாமல் போகும். கவுண்டி எல்லையில் வசிக்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. இன்னொரு தொல்லை, பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் சைமல்காஸ்ட். இரண்டு கோபுரத்தின் சிக்னலும் துளி நேரம் முன்பின்னாக வந்து மோதும்போது போலீஸ் வயர்லெஸ் பெட்டி சமாளித்துக்கொள்ளும், சாதாரண டிஜிட்டல் ஸ்கேனர் திணறும். சிக்னல் கம்பிகள் முழுசாகக் காட்டியும் வார்த்தை வராது. இதைப் பார்த்துப் பலர் "பூட்டிவிட்டார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2018இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 ஸ்கேனர் இந்தச் சிக்கலைச் சமாளிக்கவே வடிவமைக்கப்பட்டது, விலை பல நூறு டாலர். பணம் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. டிவி பார்ப்பதற்காக விற்ற ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிளை பொது ரிசீவராகப் பயன்படுத்தலாம் என்று 2012 வாக்கில் தெரியவந்ததிலிருந்து, ஒரு பழைய கணினி, ஒரு ஆண்டெனா, எஸ்டிஆர்ட்ரங்க் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் மாநில வலைப்பின்னலையே கேட்கலாம்.

ஆக, இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. குறியாக்கத்துக்கு மட்டும்தான் இல்லை.

பூட்டுவது புதிய யோசனை இல்லை. பழைய நாட்களில் குரலைக் குறியாக்கம் செய்யும் வயர்லெஸ் பெட்டிகள் இருந்தன, ஆனால் அவற்றுக்கு விலை அதிகம், அதைவிட முக்கியமாகப் பூட்டிப் பேசினால் எட்டும் தூரம் குறைந்துவிடும். நாற்பது மைல் தாண்டி இருக்கிற டெபுடியிடம் பேச வேண்டிய ஷெரிப் அதைத் தொடவே மாட்டார். பி25இல் குரல் ஏற்கெனவே பிட்டுகளாகத்தான் இருக்கிறது, அந்தப் பிட்டுகளை மாற்றிப் போடுவதால் தூரமும் குறையாது, தரமும் குறையாது. இயற்பியல் போட்டிருந்த தடை அங்கே போய்விட்டது. பெட்டி வாங்கும்போது ஏஇஎஸ்-256 என்கிற குறியாக்கம் வேண்டுமா என்று விலைப்பட்டியலில் ஒரு வரி, வேண்டும் என்றால் ரகசிய எண்ணான சாவியைப் பெட்டியில் ஏற்றும் ஒரு கருவி, அவ்வளவுதான். முன்பு போதைப்பொருள் விசாரணைக் குழுவுக்கு மட்டும் இருந்த பூட்டு, இப்போது மாட்டைச் சாலையிலிருந்து விரட்டச் சொல்லும் அழைப்புக்கும் விழுவது இதனால்தான்.

பூட்டிய அழைப்பு ஸ்கேனரில் எப்படித் தெரியும்? டாக்குரூப் எண் வரும், பேசுகிற பெட்டியின் அடையாள எண் வரும், ஓரத்தில் குறியாக்கம் என்பதற்கான அடையாளம் வரும், குரல் மட்டும் வராது. கண்ட்ரோல் சேனல் பெரும்பாலும் திறந்தே இருப்பதால் யாரோ பேசுகிறார்கள், நிறையப் பேசுகிறார்கள் என்பது தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஒரே டாக்குரூப் இடைவிடாமல் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு என்ன நடக்கிறதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது, ஒன்றுமே வராமல் இருப்பதைவிடக் கஷ்டம். ஏஇஎஸ்-256ஐ உடைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது நடக்காது, முயல்வதும் சட்டவிரோதம். 1986இல் வந்த மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்களுக்கு எளிதில் எட்டக்கூடிய போலீஸ் வயர்லெஸைக் கேட்பதை அனுமதிக்கிறது, பூட்டியதை உடைப்பதை அனுமதிக்கவில்லை. நியூயார்க், இண்டியானா போன்ற சில மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்துக்கொள்ளவே தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் தரப்பில் சொல்லும் காரணங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு ஸ்கேனர் வாங்கி, எண்களைத் தேடிப் போட்டு, ஆண்டெனா ஏற்றினால்தான் கேட்க முடியும். இப்போது ஸ்கேனர் ஒலியை இணையத்தில் விடுகிற பிராட்காஸ்டிஃபை மாதிரி தளங்கள் வழியாக யாரும் போனில் கேட்கலாம், தேடப்படுகிற ஆளும் கேட்கலாம். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த தேடுதலின்போது ஸ்கேனரில் கேட்டதாகச் சொல்லிச் சம்பந்தமே இல்லாதவர்களின் பெயர்களை இணையத்தில் பரப்பினார்கள், அது அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்த கொடுமை. தனிநபர் விவரங்களும் இருக்கின்றன: ஓட்டுநர் உரிம எண், பிறந்த தேதி, பழைய வழக்குகள். கிராமப்புறத்தில் இந்த வாதத்துக்கு இன்னும் வலு அதிகம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் பெரிய நகரத்தில் ஒரு தெருப் பெயர் யாரையும் காட்டிக்கொடுக்காது, இருநூறு பேர் இருக்கிற ஊரில் சாலைப் பெயரைச் சொன்னாலே யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு தற்கொலை முயற்சி என்று வயர்லெஸில் வந்தால் மறுநாள் காலை ஊரே பேசும்.

ஆனால் இதற்கெல்லாம் ஒட்டுமொத்தமாகப் பூட்டுவதுதான் தீர்வா என்றால், இல்லை. கலிபோர்னியாவின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2020 அக்டோபரில் அந்த மாநில அரசின் நீதித் துறை (நீதிமன்றங்கள் அல்ல, அட்டர்னி ஜெனரலின் துறை), தனிநபர் விவரங்களை வயர்லெஸில் காக்க வேண்டும் என்று எல்லா போலீஸ் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. அதில் இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று குறியாக்கம், இன்னொன்று அந்த விவரங்களை மட்டும் காற்றில் விடாமல் பார்த்துக்கொள்ளும் நடைமுறை. பல துறைகள் முதல் வழி மட்டுமே இருப்பது போல நடந்துகொண்டு மொத்தத்தையும் பூட்டின. பாலோ ஆல்டோ நகரம் 2021 ஜனவரியில் பூட்டியது, எதிர்ப்பு வந்தது, 2022இல் திறந்தது. உரிமம், பழைய வழக்கு போன்றவற்றைப் போன் வழியாகவோ காரில் இருக்கிற கணினி வழியாகவோ பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள். முடியும் என்பது தெரிந்துவிட்டது. கொலராடோ 2021இல் இன்னொரு மாதிரி யோசித்தது, வயர்லெஸ் முழுவதையும் பூட்டுகிற துறை செய்தியாளர்கள் கேட்பதற்கு ஒரு கொள்கையை வகுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சிகாகோவோ பூட்டிவிட்டு 30 நிமிடம் தாமதமாகப் பொதுமக்களுக்கு விடுகிறது. நகரத்தில் அது எப்படியோ, காட்டுத்தீ வருகிற பள்ளத்தாக்கில் 30 நிமிடம் கழித்து வருகிற செய்தி எதற்கும் உதவாது.

காட்டுத்தீதான் எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுகிறது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை எரித்த, கேம்ப் ஃபயர் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீயில் 85 பேர் இறந்தார்கள். அன்று அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு அதிகாரப்பூர்வ எச்சரிக்கை போய்ச் சேரவேயில்லை. போன் கோபுரம் எரிந்தால் போனில் வருகிற எச்சரிக்கையும் போச்சு. அப்படிப்பட்ட இடங்களில் பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்கேனர் கடைசி வழியாக நிற்கிறது. 2021இல் சோனோமா கவுண்டியில் தொடங்கிய வாட்ச் டியூட்டி என்ற செயலி இன்று தீப்பகுதி மக்கள் முதலில் திறந்து பார்க்கிற ஒன்று, அதன் பின்னால் இருப்பது வயர்லெஸை உட்கார்ந்து கேட்டு உடனுக்குடன் எழுதுகிற மனிதர்கள்தான். தீயணைப்புத் துறை பெரும்பாலான இடங்களில் பூட்டுவதில்லை, அப்புறம் என்ன கவலை என்று கேட்பார்கள். கவலை இதுதான்: கலிபோர்னியாவில் தீயை அணைப்பது தீயணைப்புத் துறை, மக்களை வெளியேற்றுவது ஷெரிப். தீ எந்த மலைச்சரிவில் ஏறுகிறது என்பது திறந்த சேனலில் கேட்கும், எந்தச் சாலையை மூடிவிட்டார்கள், எந்தத் தெருவில் கதவைத் தட்டுகிறார்கள் என்பது பூட்டிய சேனலுக்குள் போய்விட்டால் கேட்கிறவருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும். அவசரத்தில் பாதிப் படம் ஆளைத் தவறான சாலைக்கு அனுப்பிவிடும்.

செய்தித்தாள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் உள்ளூர்ச் செய்தி நிறுவனம் ஒன்றுகூட இல்லாத கவுண்டிகள் 200க்கும் மேல், பெரும்பாலும் கிராமப்புறம்தான். மிச்சம் இருக்கிற வாரப் பத்திரிகைகளில் ஒரே நிருபர் ஸ்கேனரை மேசையில் வைத்துக்கொண்டுதான் விபத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். அது நின்றால் ஷெரிப் அலுவலகம் வெளியிடும் அறிக்கைதான் செய்தி, அவர்கள் வெளியிடாதது செய்தியே இல்லை.

பூட்டு போலீஸுக்கே சிக்கல் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்த டிஜிட்டல் மாற்றமும் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. பூட்டினால் சாவி இருப்பவர்கள் மட்டும்தான் பேசலாம். கிராமப்புறத்தில் முதலில் உதவிக்கு வருகிறவர் பக்கத்துக் கவுண்டி டெபுடியாக இருக்கலாம், வனத்துறை, வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி, பழங்குடிப் பகுதி போலீஸ் என்று யாராகவும் இருக்கலாம். அவர்கள் எல்லோருடைய பெட்டியிலும் சரியான சாவியை ஏற்றி, மாற்றும்போதெல்லாம் மாற்றி வைக்க ஆள் வேண்டும். பத்து டெபுடி இருக்கிற அலுவலகத்தில் அந்த வேலைக்குத் தனியாக டெக்னீஷியன் கிடையாது. 2011இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் மேட் பிளேஸும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் பி25ஐ ஆராய்ந்து வெளியிட்டது இன்னும் படிக்கத் தகுந்தது: மத்தியப் புலனாய்வு ஆட்கள் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு திறந்த சேனலில் ரகசியங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள், பெட்டியின் வடிவமைப்பே அதைக் கவனிக்கவிடாமல் செய்தது. அவ்வளவு வசதியும் பயிற்சியும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால் சின்ன ஊரில் கேட்கவே வேண்டாம்.

ஐரோப்பா இந்தப் பாதையில் முன்னாலேயே போய்விட்டது. பிரிட்டன் போலீஸ் 2000க்கும் 2005க்கும் இடையில் டெட்ரா என்ற பூட்டிய டிஜிட்டல் முறையில் இயங்கும் ஏர்வேவ் வலைப்பின்னலுக்கு மாறியதோடு அங்கே பொதுமக்கள் கேட்பது முடிந்துபோனது. அங்கே சட்டமும் முன்பிருந்தே தனக்கு அனுப்பப்படாத செய்தியைக் கேட்கக் கூடாது என்றுதான் சொல்லி வந்தது, அதனால் பெரிய சத்தம் எழவில்லை. அமெரிக்காவில் கேட்பது பழகிப்போன உரிமை, அதனால்தான் இங்கே சண்டை. பூட்டையும் தாண்டி இன்னொன்று வந்துகொண்டிருக்கிறது. 2012இல் சட்டமாகி, 2017இல் ஏடி அண்ட் டி ஒப்பந்தம் எடுத்த ஃபர்ஸ்ட்நெட் (போலீஸ், தீயணைப்பு போன்ற துறைகளுக்கான செல்போன் வலைப்பின்னல்) வழியாகப் போன் வலைப்பின்னலிலேயே பட்டனை அழுத்திப் பேசும் முறை பரவுகிறது. அதில் ஸ்கேனர் பிடிப்பதற்கு எதுவுமே இருக்காது.

உங்கள் கவுண்டி திடீரென்று ஓய்ந்துவிட்டால் முதலில் அலைவரிசைகளைப் பட்டியலிடும் ரேடியோரெஃபரன்ஸ் தளத்தில் கவுண்டியின் பக்கத்தைப் பாருங்கள், புது அலைவரிசையா, ட்ரங்கிங்கா, பூட்டா என்று அங்கே ஒவ்வொரு டாக்குரூப்புக்கும் எழுதியிருப்பார்கள். கண்ட்ரோல் சேனல் கிடைக்கிறது, குரல் மட்டும் உடைகிறது என்றால் ஆண்டெனாவை மாற்றி வைத்தோ திசையுள்ள ஆண்டெனா போட்டோ ஒரே கோபுரத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஷெரிப் பூட்டியிருந்தாலும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சாலைத் துறை, வனத்துறை பெரும்பாலும் திறந்திருக்கும், அதையாவது நிரலில் போட்டு வையுங்கள்.

இன்னும் மாறாத கவுண்டியில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது கவுண்டி மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை. புதிய வயர்லெஸ் வாங்கும் தீர்மானம் வரும், அதன் கூடவே எந்த டாக்குரூப் எதற்கு, எது திறந்தது, எது பூட்டியது என்று ஓர் அட்டவணை தயாராகும். அந்த அட்டவணையை யாரும் மேடையில் வாசிக்க மாட்டார்கள், பெரும்பாலும் விற்பனை நிறுவனத்தின் ஆளும் அலுவலகத்தில் ஒருவரும் சேர்ந்து நிரப்பிவிடுவார்கள். முதன்மை டிஸ்பாட்ச் சேனல் திறந்தும், விசாரணைக்கும் ஆயுதம் ஏந்திய ஆளைச் சுற்றி வளைக்கும் நேரத்துக்கும் தனிநபர் விவரம் கேட்பதற்கும் தனித்தனிச் சேனல்கள் பூட்டியும் இருக்கும்படி அதை நிரப்ப முடியும். அதே பெட்டி, அதே செலவு. பெட்டிகளில் நிரல் ஏற்றுவதற்கு முன்னால் கேட்டால் ஒரு வரி மாற்றம், ஏற்றி முடித்த பிறகு கேட்டால் ஒவ்வொரு பெட்டியையும் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பார்கள்.